முனையில் நாலு பேர்

"இன்னும் நிக்கிறாங்களா?"

மாடியிலிருந்து எட்டிப் பார்த்த மனைவி சொன்னாள். "தெருமுனையிலேயே நிக்கிறாங்க. நாலு பேர். கையில நோட்டு வேற."

அவர் கையிலிருந்த ஹெல்மெட்டைத் திருப்பிப் பார்த்தார். ஹெல்மெட் வாரின் கொக்கி உடைந்து ஒரு வாரம் ஆகிறது. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டதன் பலன் இது.

"பின்பக்கச் சந்து வழியா போயிடவா?"

"அங்கயும் ரெண்டு பேரைப் போட்டிருக்காங்க."

"எதையாவது குடுத்துச் சரிக்கட்ட முடியாதா?"

"நல்லா குடுத்தீங்க! நேத்து ஒருத்தர் குடுத்துப் பாத்தாராம். அதையும் சேர்த்து எழுதிட்டாங்க."

"பேரை எழுதினாக்கூடப் பரவாயில்ல. என்ன வேலைன்னும் எழுதி, எல்லார் முன்னாடியும் மைக்ல படிக்கிறாங்களே!"

ஷூ கயிற்றால் ஹெல்மெட்டைத் தாடையோடு சேர்த்துக் கட்டினார். மேகமே இல்லாத காலையில் மழைக்கோட்டை மாட்டி, கழுத்துவரை பட்டன் போட்டார். சாமான் ஏற்றிய வண்டிபோல பைக்கை மெல்ல நகர்த்தினார்.

முனையில் ஒரு சின்னக் கை நீண்டது.

"ஓரமா நிறுத்துங்க. தாடையில என்ன அது, கயிறா?"

பள்ளிக்கூடச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் தலைவி. ஐந்தாம் வகுப்பு. அவருடைய மகள்.

"கண்ணு, நான் உன் அப்பா..."

"டியூட்டில சொந்தபந்தம் கிடையாதுன்னு நீங்கதானே சொல்வீங்க? கோட்டைக் கழட்டுங்க. என்ன வேலை பாக்குறீங்க?"

ஒவ்வொரு பட்டனாகக் கழற்றினார். உள்ளே கஞ்சி போட்ட சீருடை, மார்பில் விசில்.

தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"டிராஃபிக் இன்ஸ்பெக்டருங்க."