அழுத கண்ணும் கடித்த நாயும்

"அழுதியா நீ?"

மைதானத்தின் ஓரத்தில் காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்த மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். எதிரே ஓட்டப் பயிற்சியாளர். வாயில் விசில், கண்ணில் கறுப்புக் கண்ணாடி, கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடிய உடை. விடிந்தும் விடியாத ஆறு மணிக்கும் அந்தக் கண்ணாடியை அவர் கழற்றுவதில்லை. தூங்கும்போதும் அதோடுதான் தூங்குகிறார் என்று குழுவில் ஒரு பேச்சு.

"இல்லையே சார்."

"பொய் சொல்லாத. ரெண்டு கண்ணைச் சுத்தியும் சிவப்பா வளையம் விழுந்திருக்கு."

விழாமல் என்ன செய்யும்? ஐந்து மணிக்கே நீச்சல் குளத்தில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நாற்பது தடவை அலைந்துவிட்டு வந்தவர். நீச்சல் கண்ணாடி பிடித்த பிடி மதியம்வரை விடாது.

மூன்று வாரத்தில் மாரத்தான். ஆறு வாரத்தில் ட்ரையத்லான். அதாவது நீந்தி, சைக்கிள் மிதித்து, மிச்சமிருக்கும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடவும் வேண்டிய போட்டி. கடைக்காரர் இரண்டுக்கும் பெயர் கொடுத்திருந்தார். இரண்டாவது விஷயம் பயிற்சியாளருக்குத் தெரியாது. தெரிந்தால் தொலைந்தார்.

"ஓடுறவன் ஓடணும். தண்ணியில கிடந்தா தவளை. சக்கரத்துல போனா கூரியர். என் குழுவுல ரெண்டுக்கும் இடமில்ல." இதுதான் பயிற்சியாளரின் வேதம். போன வருடம் ஒருவர் மகளின் சைக்கிளைப் பஞ்சர் ஒட்டத் தள்ளிக்கொண்டு போனார். ஏறக்கூட இல்லை, தள்ளிக்கொண்டுதான் போனார். அதற்கே மாரத்தான் குழுவிலிருந்து அவர் பெயரைப் பயிற்சியாளர் அடித்துவிட்டார்.

எட்டு மாத ஓட்டம், மூன்று ஜோடி ஷூ, உதிர்ந்த நான்கு கால் நகங்கள். எல்லாம் இப்போது சொல்லப்போகும் பதிலை நம்பித்தான் இருந்தன.

"ஆமா சார். அழுதேன்."

"ஏன்?"

"வீட்ல... அவ..."

அதற்குமேல் கற்பனை ஓடவில்லை. ஓடாததே நல்லதாகப் போயிற்று. பயிற்சியாளரின் குரல் முதல்முறையாக இளகியது. "சரி விடு. இன்னிக்கு ரெண்டு சுத்து குறைச்சுக்கோ."

அன்றிலிருந்து கடைக்காரர் வாரத்துக்கு மூன்று நாள் அழுதார். மற்ற நாட்களில் சைக்கிள். கடையில் வாடிக்கையாளரை எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லிவிட்டு நின்றபடியே தூங்கினார். ஒரு பெரியவர் கடைசி வரிவரை படித்து முடித்து, யாரும் போதும் என்று சொல்லாததால், மறுபடி மேலிருந்து ஆரம்பித்தார்.

ஒரு நாள் சைக்கிளின் பல்சக்கரம் வலது கெண்டைக்காலில் கிரீஸால் வரிசையாகப் பல் பதித்துவிட்டது. அதற்கு அழுகை போதவில்லை.

"என்ன இது?"

"நாய் கடிச்சிடுச்சு சார்."

"கறுப்பால்ல கடிச்சிருக்கு?"

"கறுப்பு நாய் சார்."

பயிற்சியாளர் பெருமூச்சு விட்டார். "வீட்ல அவ, ரோட்ல நாய். எப்படித்தான்யா உயிரோட இருக்கே?"

மாரத்தானுக்கு எட்டே நாள் இருந்தபோது பயிற்சியாளருக்குப் பொறுக்கவில்லை. சனிக்கிழமை பத்து மணிக்குக் கடைக்கே வந்துவிட்டார். மேஜையில் கடைக்காரரின் மனைவி பில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, தப்பா நினைக்காதீங்க. ஒரு ஆம்பளையை வாரத்துக்கு மூணு நாள் அழ வைக்கிறது நியாயமா? காலையில வட்டம் வட்டமா வீங்கின கண்ணோட வந்து நிக்கிறார். நான் ஏன் கல்யாணமே பண்ணிக்கலைன்னு இப்பத்தான் எனக்கே புரியுது."

மனைவி விழித்தாள். லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து கடைக்காரர் இரண்டு கைகளையும் தலைக்குமேல் கூப்பினார். நீச்சல் உடையை அலசிக் காயப்போடுகிறவளுக்கு விஷயம் நொடியில் விளங்கிவிட்டது.

"ஆமா சார், நான்தான் அழ வைக்கிறேன்" என்றாள் தலையைக் குனிந்துகொண்டு. "பாத்திரம் கழுவுங்கன்னேன், தேம்பித் தேம்பி அழுதார். துணி மடிங்கன்னேன், குலுங்கிக் குலுங்கி அழுதார்."

"ச்சே, இதுக்கா அழுதே?" பயிற்சியாளர் உள்பக்கம் திரும்பிச் சீறினார். "இனிமே ரெண்டையும் நீதான் செய்யறே. மாரத்தான் முடிஞ்சாலும் செய்யறே!"

"செய்யறேன் சார்" என்ற கடைக்காரருக்கு இப்போது நிஜமாகவே அழுகை வந்தது.

குடும்பம் ஒன்றைக் காப்பாற்றிய பெருமையில் பயிற்சியாளர் தலையைப் பலமாக ஆட்டினார். கறுப்புக் கண்ணாடி மூக்கின்மேல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"திருகு லூசாயிருக்கு சார். கழட்டிக் குடுங்க, ஒரு நிமிஷத்துல முறுக்கித் தர்றேன்."

"வேணாம். போட்டபடியே முறுக்கு."

"போட்டபடியே எப்படி சார்? கண்ணுல குத்திடும்."

"பரவால்ல, குத்து!"

கடைக்காரர் குட்டித் திருப்புளியோடு நெருங்கினார். கை பட்டதுதான் தாமதம், திருகு தெறித்துத் தரையில் உருண்டது. பதறிக் குனிந்த பயிற்சியாளரின் மூக்கிலிருந்து கண்ணாடி நழுவி அதன் பின்னாலேயே போனது. குனிந்த வேகத்தில் கால்சட்டையும் முழங்கால்வரை ஏறிக்கொண்டது.

அவருடைய இரண்டு கண்களைச் சுற்றியும், அச்சுக் குத்தியதுபோல, சிவப்பாக வளையம். வலது கெண்டைக்காலில், வரிசை பிசகாமல், கறுப்பு நாய் கடித்த தடம்.

கடைக்காரர் தரையில் திருகைத் தேடினார். மனைவிதான் கண்ணாடியை எடுத்துத் துடைத்து நீட்டி, மிகுந்த பரிவோடு கேட்டாள்:

"கல்யாணமே ஆகாத உங்களை யாரு சார் இப்படி அழ வைக்கிறா?"