மூடி திருகும் சத்தம்

உச்சிவெயிலில் மரக்காணம் உப்பளம் கண்ணைக் கூசவைக்கிறது. உப்பு வாரும் பலகையை வரப்பில் சாய்த்துவிட்டுச் சாலமன் உட்கார்ந்திருக்கிறான். பாதவெடிப்புகளில் உப்புநீர் எரிகிறது. குடியை விட்டு நாற்பத்தொரு நாள். எதிரே குந்தியிருக்கும் அவன் மனைவி ஜான்சி சோற்றுக்கூடையிலிருந்து ஒரு குவார்ட்டர் பாட்டிலை எடுக்கிறாள். அவன் முதுகு விறைக்கிறது. “காலுக்குத் தேங்கா எண்ணெதாங்க. வேற பாட்டில் கிடைக்கல. நல்லா கழுவிட்டுத்தான் ஊத்துனேன்.” “தெரியுது, குடு.” மூடியை அவனே திருகுகிறான். தகரம் கண்ணாடியில் உரசி ‘கிர்ர்’ என்கிறது. “பழைய சத்தம் கேட்டாலே மூளையில என்னமோ சுரக்கும்பா. நீ வேணாம்னாலும் அது கேக்கும்” என்று குடிமறக்க மருந்து கொடுத்த டாக்டர் சொன்னபோது ஜான்சியும் பக்கத்தில்தான் இருந்தாள். அவன் வாயெல்லாம் எச்சில் ஊறுகிறது. தொண்டைக்குழி ஏறி இறங்குகிறது. உள்ளே இருப்பது எண்ணெய் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். “குடுங்க, நான் தடவி விடறேன்” என்று ஜான்சி கை நீட்டுகிறாள். அவன் கொடுக்கவில்லை. பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரும் சரசரப்பு நின்றுபோகிறது. பாட்டில் மெல்ல உயர்கிறது. மடக்கென்று விழுங்கிய பிறகுதான் அவளைப் பார்க்கிறான். மோவாயில் வழிந்த எண்ணெய் பாதத்தில் சொட்டுகிறது.