காஸ்பர் சார் விழுந்த ஸ்வரம்

காஸ்பர் சார் மேடையில் டிரம்பெட் வாசித்துக்கொண்டிருந்தபோதே சரிந்து விழுந்து இறந்தவர். அவர் நடத்திய ஜாஸ் குழு பல வருடங்கள் கழித்து அவர் நினைவாக ஓர் ஆல்பம் பதிவு செய்தது. அவர் முடிக்காமல் போன பாட்டை வாசிக்கும் பொறுப்பு ஜெரோமுக்கு வந்தது. அன்று சாருக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தவன் அவன்தான். சாரின் தலை அவன் காலடியில்தான் வந்து மோதியது.

காலையிலிருந்து வாசிக்கிறான். சார் விழுந்த அந்த உச்ச ஸ்வரம் நெருங்கும்போதெல்லாம் உதடு மரத்துப்போய் டிரம்பெட்டை இறக்கிவிடுகிறான்.

“என்னால முடியல ஆன்ட்டி. அந்த இடம் வந்தாலே நெஞ்சை அடைக்குது.”

ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சாரின் மனைவி லியோனி மைக்கை இழுத்துக்கொண்டார். “நீ அங்க நிறுத்துறப்பல்லாம் அவர் மறுபடியும் விழுறாருப்பா. ஒரு தடவையாவது தாண்டிப் போயேன்.”

ஜெரோம் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஆரம்பித்தான். பின்னால் குழு மொத்தமும் பொங்கி எழுந்தது. அவனைத் தனியாக விட்டு எல்லோரும் நிறுத்த, உச்ச ஸ்வரம் வந்தது. பிடித்துவிட்டான். அவன் விழவில்லை. ஆனால் அடுத்து எல்லோரும் சேர்ந்துகொள்ள வேண்டிய இடத்தில் ஒரு வாத்தியமும் ஒலிக்கவில்லை. அவனும் விழுந்துவிடுவானோ என்று அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தன்னையே பார்ப்பது முதுகில் தெரிந்தது. இப்போது நிறுத்தினால் சார் மறுபடியும் விழுவார். நெஞ்சில் மிச்சமிருந்த காற்றையெல்லாம் அந்த ஒற்றை ஸ்வரத்துக்குக் கொடுத்துக்கொண்டே, கண்ணைத் திறக்காமல் நின்றான்.