இரண்டாவது ஸ்கேன்

“ஸ்கேன் ரிப்போர்ட் ரெண்டு வேணும் சிஸ்டர். ஜெபத்துக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு.”

சபைச் செயலர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு சொன்னார். வரும் ஞாயிறு சாட்சி ஆராதனை. கர்த்தர் செய்த நன்மையை மேடையேறிச் சொல்ல ஆறு பேருக்கு இடம், ஆளுக்கு மூன்று நிமிடம். கர்த்தர் யாருக்கு உருப்படியாகச் செய்திருக்கிறார் என்று முடிவு செய்வது செயலர்தான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள்?

“ரெண்டும் இருக்குங்கய்யா,” என்றாள் எதிரே நின்றவள். சட்டைக் கம்பெனியில் காலர் தைப்பவள். சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்திருந்தாள். “ஆனா ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு. பையனுக்கு இடுப்புக்குக் கீழ இன்னும் உணர்ச்சி வரலை.”

வயரிங் வேலை பார்த்த ஒரே மகன், உயரத்திலிருந்து விழுந்து இரண்டு வருடம் ஆகிறது.

“அப்ப எதைச் சாட்சி சொல்லப் போறீங்க?”

“கர்த்தர் எங்களைக் கைவிடலைன்னு.”

“கைவிடலைன்னா அவன் ஏன் இன்னும் படுத்த படுக்கையா இருக்கான்?”

கேட்ட பிறகுதான் தாம் உட்கார்ந்திருப்பது ஆலய அலுவலகம் என்பது அவருக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“அதையேதான் அவனும் கேக்கறான். தெரியலைடான்னேன். ‘உனக்குக் கோவம் வரலையாம்மா?’ன்னான். வருதுடா, தினமும் கர்த்தர்கூட சண்டைதான். ஆளு இருக்கப்போய்த்தானே சண்டை போடறேன்னேன். சிரிச்சுட்டான்யா. ரெண்டு வருஷத்துல அன்னிக்குத்தான் சிரிச்சான்.”

“தெரியலைங்கறதைச் சொல்ல மைக் எதுக்கு? லிஸ்டைப் பாருங்க. ஒருத்தருக்குத் தொலைஞ்ச வண்டிச் சாவி கிடைச்சிருக்கு. ஒரு அம்மாவுக்கு எட்டு வருஷத் தலைவலி விட்டிருக்கு. கேக்கறவங்களுக்கு விசுவாசம் பெருகணும். உங்க கதையைக் கேட்டா இருக்கறதும் போயிடும்.”

வண்டிச் சாவியைத் தேடிக் கொடுக்க நேரமிருந்த ஆண்டவருக்கு, இருபத்து மூன்று வயதுப் பையனின் முதுகெலும்பைப் பார்க்க ஏன் நேரமில்லை என்பது செயலருக்குத் தெரியாது. தெரியாததை எல்லாம் அவர் பட்டியலில் சேர்ப்பதில்லை. பட்டியல் அசிங்கமாகிவிடும்.

“எங்க வீட்டுல ஏதோ மறைவான பாவம் இருக்குன்னு சபையில பேசறாங்கய்யா. அது அவன் காதுக்கே வந்துருச்சு. ‘நான் என்னம்மா தப்பு பண்ணேன்’னு அழறான். நான் மேடையில நின்னு ஒரு தடவை சொல்லிட்டா அவன் மனசு ஆறும். மூணு நிமிஷம் வேண்டாம், ஒண்ணு போதும்.”

“எழுதிக் கொண்டு வந்தீங்களா?”

அவள் நீட்டிய தாளைப் பிடுங்காத குறையாக வாங்கினார். இரண்டு முறை படித்தார். பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார்.

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான்யா.”

“மேடை ஏறினப்புறம் வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டா நான் என்ன பண்றது?”

“இதைத் தவிர வேற எதுவும் சொல்லமாட்டேன்யா.”

செயலர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். தலைக்கு மேல் மின்விசிறி நன்றாகவே சுற்றிக்கொண்டிருந்தது.

“இல்ல சிஸ்டர், சரிப்பட்டு வராது. பையன் எழுந்து நடக்கட்டும், நானே கூப்பிட்டு மைக்கைக் கையில குடுக்கறேன். இப்பப் போயிட்டு வாங்க.”

அவள் போகவில்லை. திரும்பிப் பார்த்தாள். வராந்தாவில் யாரும் இல்லை. மேசைப் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“பயப்படாதீங்கய்யா. நம்ம கோபுரத்துல ஸ்பீக்கர் மாட்ட அவன் இடுப்புக்குக் கயிறு கேட்டதையும், ‘கயிறு எதுக்குடா, கர்த்தர் பாத்துக்குவார்’னு நீங்க ஏத்தி விட்டதையும், இதுவரைக்கும் நான் கர்த்தரைத் தவிர வேற யார்கிட்டயும் சொன்னதில்லை.”