இரண்டு மீட்டர்

பிரின் மலையில், ஓக்னியானின் கண்ணெதிரேதான் தம்பி மோம்சிலைப் பனிச்சரிவு விழுங்கியது. பக்கத்துச் சரிவில் பயிற்சியில் இருந்த மீட்புக் குழு ஐந்தே நிமிடத்தில் வந்துவிட்டது.

"அண்ணே, நெஞ்சுல கட்டியிருக்கிற சிக்னல் கருவிய 'அனுப்பு'லேர்ந்து 'தேடு'க்கு மாத்திட்டீங்களா?" என்று கேட்டாள் குழுத்தலைவி ரலிட்சா.

"இருபது வருஷமா மலை ஏறுறவன்கிட்ட பாடம் நடத்தாத. சீக்கிரம் தேடும்மா!"

மோம்சிலின் நெஞ்சுக் கருவி அனுப்பும் சிக்னலைத் தேடிய அவள் கைக்கருவி 'இரண்டு மீட்டர்' என்று காட்டியது. தோண்டினார்கள். வெறும் பனி. பத்தடி தள்ளிப் போனாள். ஓக்னியானும் திட்டிக்கொண்டே ஒட்டி நடந்தார். அங்கேயும் இரண்டு மீட்டர்தான். தோண்டினால் அங்கேயும் வெறும் பனிதான்.

"உங்களுக்கெல்லாம் எவன் வேலை குடுத்தான்? என் தம்பி உள்ள செத்துக்கிட்டு இருக்கான்!"

ரலிட்சா சட்டென்று திரும்பினாள். மண்வெட்டியை எறிந்துவிட்டு அவருடைய ஜாக்கெட்டின் ஜிப்பை இழுத்துத் திறந்தாள். அவர் நெஞ்சிலிருந்த கருவி, 'இங்கே இருக்கிறேன், இங்கே இருக்கிறேன்' என்று இன்னும் சிக்னல் அனுப்பியபடி சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது.

அதை அணைத்தாள். உடனே அவள் கருவியில் எண் முப்பத்தெட்டுக்குத் தாவியது. அம்புக்குறி கீழே பைன் மரங்களைக் காட்டியது.

"யோவ், பத்து நிமிஷமா நாங்க உன்னைத்தான்யா தேடிக்கிட்டு இருந்தோம்!" என்று கத்திக்கொண்டே ஓடினாள்.