பதினெட்டு நிமிடத்தில் ஊர் காலி

அணு உலைக்குப் பக்கத்து ஊர் என்பதால் வருடத்துக்கு ஒருமுறை எங்களைக் காலி செய்து பார்ப்பார்கள். சைரன் ஊதியதும் கதவைச் சாத்திவிட்டுப் பேருந்தில் ஏற வேண்டும். யார் எதைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார்கள் என்று வேடிக்கை பார்க்கவே நான் முதலில் ஏறி ஜன்னலோரம் பிடித்துவிடுவேன். இந்த முறை ஜெசிந்தா புது மிக்ஸியோடு வந்தாள். இடுப்புக்குக் கீழே விளங்காத அவள் புருஷன் சந்தியாகுவைத்தான் காணோம்.

“ஏட்டி, அண்ணன் எங்க?” என்று கேட்டேன்.

“வெறும் ஒத்திகைக்கு அவர யாரு தூக்கிச் சுமக்க, அக்கா? நெசமா வெடிச்சா விட்டுட்டா போயிருவேன்?”

அதிகாரி எங்கள் பெயர்களை வாசித்தபோது புருஷனுக்கும் சேர்த்து அவளே கை தூக்கினாள். பதினெட்டே நிமிடத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் வந்துவிட்டோமாம். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

திரும்பி வந்தபோது சந்தியாகு வாசற்படியில் குப்புறக் கிடந்தார். சலவைச் சட்டைக்குக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார். முழங்கைகளில் தோல் உரிந்திருந்தது.

“ஒத்திகைதான்யா, எதுக்கு இப்பிடி?” என்று அழுதாள் ஜெசிந்தா.

“தெரியும் புள்ள,” என்றார். “எவ்வளவு தூரம் வர முடியுதுன்னு நானும் பாத்தேன்.”