மருந்துப்பெட்டி கேட்ட சாட்சி

வலிப்பு மாத்திரை சிலருக்கு மனநிலையை மாற்றிவிடுமாம். அதனால் தினமும் யாராவது நேரில் பார்த்து, “நேத்து மாதிரியேதான் இருக்காங்க” என்று சொன்னால்தான், குரல் கேட்டுப் பதில் பேசும் அந்த மருந்துப்பெட்டி திறக்கும். தனியாக இருக்கும் எழிலரசிக்கு, பால் பாக்கெட் போடுபவர் போகிற போக்கில் அதைச் சொல்லிவிட்டுப் போவார். அவர் பெயர்கூட அவளுக்குத் தெரியாது.

இன்று புது ஆள் வந்திருந்தான்.

“பெட்டிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க தம்பி.”

“நேத்து எப்படி இருந்தீங்கன்னு எனக்கு எப்படிக்கா தெரியும்?” என்றவன் பாலை நீட்டிவிட்டு மாடியிறங்கிப் போய்விட்டான்.

பெட்டி திறக்கவில்லை. “நேற்று உங்களைப் பார்த்தவர் வேறு யாராவது உண்டா?” என்று கேட்டது.

எழிலரசி வெகுநேரம் யோசித்தாள்.

“நீ பார்த்தியே,” என்றாள்.

“என் சாட்சி செல்லாது,” என்றது பெட்டி.